திகதியைக் கூறுபோடுவோர்: திருகோணமலை மாவட்டத் தரவுகளை முன்வைத்து

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி ஒரு சூறாவளி திருகோணமலைக் கரையைத் தாக்கிற்று. வடபுலத்தைக் குறுக்கறுத்து, மன்னார்க் கடலைத் தாண்டி, அன்றிரவே தனுஷ்கோடி என்னும் ஊரை இல்லாதொழித்த சூறாவளி அது. நாற்பது ஆண்டுகளும் நான்கு நாள்களும் கழிந்தபின், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, அதே கரையை ஆழிப்பேரலை அழித்தது. இவ்விரு திகதிகளையும் ஒரு தரவுத்தளத்தில் இட்டு, இவை எந்தக் காலாண்டைச் சார்ந்தவை என்று வினவினால், கணினி சற்றும் தயங்காது இரண்டுக்கும் ‘நான்கு’ என்று விடை பகரும்.

அவ்விடை ஒன்றுக்குப் பொருந்தும்; மற்றதற்குப் பொருந்தாது. 1964இல் இலங்கை அரசின் நிதியாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்கி மறு செப்டெம்பர் இறுதியில் முடிவுற்றது. அக்கணக்கின்படி சூறாவளி வீசியது 1964/65ஆம் நிதியாண்டின் முதலாங் காலாண்டில். அழிவும், அழிவின் பின்னான செலவின் பெரும்பகுதியும் ஒரே ஆண்டின் கணக்கேட்டில் அடங்கிவிடத்தக்க நிலை அன்றிருந்தது. 2004இல் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதாக மாறியிருந்தமையால், அலை அடித்தது ஆண்டின் ஈற்று வாரத்தில். அழிவு ஓர் ஆண்டிலும் அதற்கான செலவு மற்றோர் ஆண்டிலுமாகப் பிரிந்து நின்றன. இனி, ஏப்பிரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் வருமான வரியாண்டின்படி நோக்கினால் டிசெம்பர் மாதத்து அதே வாரம் மூன்றாங் காலாண்டில் விழும். ஒரே வாரம் ஒருவர் ஏட்டில் முதலாவது, ஒருவர் ஏட்டில் மூன்றாவது, இன்னொருவர் ஏட்டில் நான்காவது. கணினிக்கு இம்மூன்றனுள் ஒன்றே தெரியும். அதனை வினவும் அலுவலருக்கும் ஆய்வு மாணவருக்கும் அந்த ஒன்றே போதும் என்னும் மனநிலை இன்று வேரூன்றியிருப்பதுதான் கண்டனத்துக்குரியது.

இஃது ஓர் அற்ப விடயம், கணினியாளர்க்குள் பேசித் தீர்க்கத்தக்க நுணுக்கம் என்று கூறுவோர் உளர். அவர்தம் கூற்று ஏற்புடையதன்று. காலாண்டு என்பது திகதிக்குள் இயல்பாக உறையும் ஒரு பண்பு போலக் கருதப்பட்டு வருகிறது. உண்மையில் அது திகதியின்மேல் மனிதர் ஏற்றும் ஒரு தீர்மானம். எந்த நாளையும் எந்த நாளையும் ஒன்றுசேர்த்துக் கூட்டுவது, எவற்றைப் பிரித்துக் காட்டுவது என்னும் அத்தீர்மானத்தின்மேல்தான் வீழ்ச்சி, வளர்ச்சி, பற்றாக்குறை ஆகிய சொற்கள் அறிக்கைகளில் எழுந்து நிற்கின்றன. அச்சொற்களை நம்பியே ஒரு கிராமத்துக்கு நிவாரணம் செல்கிறது, அல்லது செல்லாது விடுகிறது.

தரவுத்தளத்தோடு பழக்கமில்லாத வாசகர் பொருட்டு அதன் இயங்குமுறையைச் சிறிது விளக்குதல் தகும். தரவுகளை நிரைகளும் நிரல்களுமுடைய அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை 1970ஆம் ஆண்டு எட்கர் கொட் என்பார் வெளியிட்டார். அவ்வட்டவணைகளிடம் வேண்டியதைக் கேட்டுப் பெறுவதற்கான மொழியைச் சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர் 1974இல் முன்வைத்தனர். இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது அதன் வழிவந்ததே. அம்மொழியில் ஒரு திகதியிலிருந்து ஆண்டை மட்டும், மாதத்தை மட்டும், நாளை மட்டும் பிரித்தெடுக்க ஒரு கட்டளை உண்டு. 1992ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நியமத்தில் அக்கட்டளை பிரித்துத் தரக்கூடியவை எவை என்ற பட்டியலில் காலாண்டு இடம்பெறவில்லை என்பது கவனத்துக்குரியது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஒராக்கிள் போன்ற மென்பொருள்கள் அதனைத் தத்தம் வழியிற் சேர்த்துக்கொண்டன. எஸ்கியூலைட் என்பதில் அதற்கெனத் தனிக் கட்டளையே இல்லை. பயன்படுத்துவோர் மாத எண்ணுடன் இரண்டைக் கூட்டி, மூன்றால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு ஈவைக் கொள்கின்றனர். ஜனவரிக்கு ஒன்று, டிசெம்பருக்கு நான்கு. கட்டளையாக இருப்பினும் வாய்பாடாக இருப்பினும் அடிப்படை ஒன்றே: ஆண்டு ஜனவரியில் தொடங்கும், மூன்று மூன்று மாதங்களாகப் பிரியும். இவ்விரு கூற்றுகளும் திருகோணமலையைப் பொறுத்தவரை எவ்வளவு உண்மை என்பதே எழுப்பப்பட வேண்டிய வினா.

வானிலையை முதலில் நோக்கலாம். இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்கு பருவங்களாகப் பகுக்கிறது. மார்ச், ஏப்பிரல் ஆகிய இரு மாதங்களும் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரையான ஐந்து மாதங்கள் தென்மேற்குப் பருவம். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். எண்ணிக்கை நான்குதான், ஆயின் அவற்றின் நீளம் இரண்டு, ஐந்து, இரண்டு, மூன்று மாதங்கள். மூன்றால் வகுக்கும் எந்த வாய்பாட்டிலும் இவை அடங்கா. மேலும், நான்காம் பருவம் ஆண்டின் எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. திருகோணமலையில் ஆண்டொன்றுக்குப் பொழியும் ஏறக்குறைய 1600 மில்லிமீற்றர் மழையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது நவம்பர், டிசெம்பர் என்னும் இரு மாதங்களில் பெய்துவிடுகிறது. அதன் தொடர்ச்சி ஜனவரியிலும் நீள்கிறது. கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலக்கும் தாழ்நிலத்தில் வாழ்பவனுக்கு மாரி என்பது ஒரே தொடர். டிசெம்பர் 31ஆம் திகதி நள்ளிரவில் அதனை வெட்டி ஒரு துண்டை ஒரு நிரையிலும் மறுதுண்டை மற்றொரு நிரையிலும் வைப்பவன், வெள்ளத்தை அளந்தவனாகான்.

உழவர் இதனை எப்போதோ உணர்ந்திருந்தனர். அவரைப் பின்பற்றிப் புள்ளிவிபரத் துறையினரும் உணர்ந்திருந்தனர். ஒக்டோபர், நவம்பரில் விதைத்துப் பெப்ரவரி, மார்ச்சில் அறுக்கும் பெரும்போகத்தை இலங்கையின் நெற்கணக்குகள் என்றுமே ஓராண்டுக்குள் திணித்ததில்லை. 2019/2020 பெரும்போகம் என இரண்டு ஆண்டுகளின் பெயரும் சூட்டியே அதனைப் பதிகின்றன. ஓராண்டின் விளைச்சல் என்பது முந்திய ஆண்டு விதைத்த பெரும்போகத்தையும் அவ்வாண்டுச் சிறுபோகத்தையும் சேர்த்ததே. அச்சிட்ட ஏடுகளின் காலத்தில் வழுவாது காக்கப்பட்ட இம்மரபு, அதே ஏடுகள் கணினியில் ஏற்றப்படும்போது காணாமற் போவது ஏன்? ஏற்றுபவர் திகதி நிரலைக் கண்டவுடன் ஆண்டென ஒரு நிரலையும் காலாண்டென ஒரு நிரலையும் உண்டாக்கிவிடுகிறார். விதைப்பு நான்காங் காலாண்டுக்கும் அறுவடை மறு ஆண்டின் முதலாங் காலாண்டுக்கும் போய்ச் சேர்கின்றன. விதை நெல்லுக்கும் பசளைக்குமான கடன் ஓர் ஆண்டிலும் நெல் விற்ற பணம் அடுத்த ஆண்டிலும் விழ, ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் தம்பலகாமத்து உழவன் கடனாளியாகவே தோற்றமளிக்கிறான். அவன் கடனாளியாக இருப்பதற்கு வேறு மெய்யான காரணங்கள் போதுமான அளவு உள்ளன. கணினி புதிதாக ஒன்றைக் கற்பித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கந்தளாயின் கதையும் இத்தகையதே. 1986 ஏப்பிரல் 20ஆம் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் அழிந்தன. நாட்காட்டியின்படி அது இரண்டாங் காலாண்டின் இருபதாம் நாள். சிறுபோகத்துக்குத் தேக்கிய நீர் போயிற்று என்பதன் விளைவு அறுவடையில்தான் தெரியும். அறுவடையோ மூன்றாங் காலாண்டில். குளத்தை மீளக் கட்டும் வரை அதனை நம்பிய வயல்களின் நிலை அடுத்தடுத்த போகங்களில் தெரியும். நிகழ்ச்சியைக் காலாண்டுக்குள் அடைத்துவிட்டு அதன் விளைவை அதே காலாண்டில் தேடுபவன் வெறுங்கையோடு திரும்புவான்.

இனிக் கடல். ஆழிப்பேரலை நிகழ்ந்த காலாண்டில் 92 நாள்கள். டிசெம்பர் 26 புலரும்போது அவற்றுள் 86 நாள்கள் கழிந்துவிட்டன. நாள்தோறும் ஒரே அளவான மீன் கரை சேர்ந்ததென்றும், அலை அடித்த நாளிலிருந்து ஒரு மீன்கூடப் பிடிபடவில்லையென்றும் கொண்டு ஒரு கணக்கைப் போடுவோம். எஞ்சிய ஆறு நாள்களின் இழப்பு அக்காலாண்டின் நிரையில் காட்டக்கூடிய வீழ்ச்சி நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. ஆண்டு முழுவதையும் கூட்டும் நிரையிலோ 366 நாள்களில் ஆறு நாள். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வள்ளமும் வலையும் வீடும் உறவும் ஒரே காலையில் போயின. அவ்வாண்டின் மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவனுக்கு 2004 சற்றுச் சோர்வான ஆண்டு எனத் தோன்றும்! அதே ஆண்டிறுதியில் மாரிக் கடலும் கொந்தளித்திருக்கும் என்று ஒரு விளக்கமும் அவன் எழுதிவிடக்கூடும்.

இதனினும் வியப்புக்குரிய வழுவொன்றும் உண்டு. வாரங்களை எண்ணுவதற்கான உலக நியமத்தின்படி ஒவ்வொரு வாரமும் திங்களிற் தொடங்கும். ஒரு வாரத்தின் பெரும்பகுதி எவ்வாண்டில் விழுகிறதோ அவ்வாண்டுக்கே அவ்வாரம் முழுவதும் உரியது. அதன்படி 2004 டிசெம்பர் 27 முதல் 2005 ஜனவரி 2 வரையான வாரம் 2004ஆம் ஆண்டின் 53ஆம் வாரம். ஒராக்கிளில் இந்த வார ஆண்டைக் கேட்பதற்கும் நாட்காட்டி ஆண்டைக் கேட்பதற்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. வார ஆண்டையும் நாட்காட்டிக் காலாண்டையும் அறியாது இணைத்து வினவுபவர்க்கு 2005 ஜனவரி முதலாந் திகதி, ‘2004, முதலாங் காலாண்டு’ என்று விடையாகும். அன்று முகாமில் வழங்கிய அரிசி, அலை வருவதற்குப் பதினொரு மாதங்களுக்கு முன்னரே வழங்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். தீர்க்கதரிசனம் மிக்க நிர்வாகம்!

இவ்வாறு கூறும்போது எதிர்த்தரப்பினர் முன்வைக்கும் வலுவான வாதம் ஒப்பீடு பற்றியது. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு காலாண்டு வகுத்தால் கொழும்பையும் திருகோணமலையையும் எவ்வாறு ஒப்பிடுவது? இவ்வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஒரு பொது அளவுகோல் வேண்டியதே. துறைமுகத்துச் சீனன்குடா ஆலைகளுக்கு வரும் கோதுமையும் கிளிங்கரும் பருவம் பார்த்து வருவனவல்ல. அவற்றை ஜனவரிக் காலாண்டில் எண்ணுவதால் எவர்க்கும் தீங்கில்லை. கடற்றொழிலிலும் ஒரு தற்செயலான பொருத்தம் உண்டு. கச்சான் வீசும் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியுறும். அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்து கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்வதும், கரைவலை இழுப்பு மும்முரமாவதும் பெரும்பாலும் ஏப்பிரல் முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில் நிகழ்வன. அவை இரண்டாம், மூன்றாங் காலாண்டுகளோடு ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவதை ஒத்துக்கொள்ள வேண்டியதே.

ஆயின் ஒப்பீட்டின் பெயரால் நிகழ்வது என்ன என்பதற்கு உல்லாசப் பயணத்துறை நல்லதோர் உதாரணம். மேற்குக் கரைக்குப் பயணிகள் திரள்வது டிசெம்பர் முதல் மார்ச் வரை. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் அவர்கள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. நாட்டின் மொத்தக் கணக்கில் முதலாங் காலாண்டு உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் நிற்பதைக் கண்டு, விளம்பரத்துக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கும் காலத்தைத் தீர்மானிப்பவர் திருகோணமலையை வாடைக்காற்றில் வரவேற்கிறார். இரு கரைகளையும் ஒரே கோலால் அளந்ததனால் ஒப்பீடு கிட்டவில்லை. ஒன்றன் உருவம் மற்றதன்மேல் பதிந்ததே மிச்சம். ஒப்பிட வேண்டுமாயின் பருவத்தோடு பருவத்தை ஒப்பிடுதல் வேண்டும்: இவ்வாண்டு மாரியைக் கடந்த ஆண்டு மாரியோடும், கிழக்கின் அமைதிக்கடற் காலத்தை மேற்கின் அமைதிக்கடற் காலத்தோடும்.

இதற்கு மறுகோடியில் நிற்போரும் உண்டு. ஆங்கிலேயர் தந்த ஆண்டை ஒழித்துச் சித்திரையில் தொடங்கும் தமிழாண்டைக் கணினியில் ஏற்றினால் எல்லாம் சீராகும் என்பது அவர்தம் நிலை. பழந்தமிழர் பன்னிரு மாதங்களைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அவ்விரு மாதங்களாகப் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளில், மார்கழியும் தையுமான முன்பனி டிசெம்பர் முடிவை இயல்பாகவே தாண்டிச் செல்கிறது என்பது உண்மை. அப்பகுப்பு இயற்கையை நோக்கி எழுந்ததென்பதும் உண்மை. எனினும், ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்னும் அவ்விலக்கணம் திருகோணமலையின் மழைக்குப் பொருந்தாது. அம்மாதங்களில் இங்கு வெயில் எரிக்கும். ஐப்பசியிற்றான் வானம் இருளும். பெருமைக்குரிய ஒரு மரபை அது பிறவாத கரையின்மேல் சுமத்துவதும், இலண்டனின் மரபைச் சுமத்துவதும் தன்மையில் வேறானவையல்ல. ஒன்று நமது என்பதனால் அது சரியென்றாகிவிடாது.

இலண்டனின் மரபு என்றதும் ஒன்று கூறவேண்டியுள்ளது. ஜனவரிக் காலாண்டு ஆங்கிலேயருக்கே தொன்மையானதன்று. அவர்தம் நாட்டில் குத்தகையும் வாடகையும் செலுத்திய நான்கு நாள்கள் மார்ச் 25, யூன் 24, செப்டெம்பர் 29, டிசெம்பர் 25 ஆகியன. 1752ஆம் ஆண்டு வரை அவர்களின் சட்டபூர்வ ஆண்டு மார்ச் 25இல் தொடங்கிற்று. அவ்வாண்டு நாட்காட்டியைத் திருத்திப் பதினொரு நாள்களை நீக்கியதன் எச்சமாகவே இன்றும் பிரித்தானிய வரியாண்டு ஏப்பிரல் 6இல் தொடங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசு 1976இல் தன் நிதியாண்டை யூலையிலிருந்து ஒக்டோபருக்கு மாற்றியபோது, எவ்வாண்டையும் சாராத ஒரு தனிக் காலாண்டை இடையில் நிறுத்த நேர்ந்தது. காலாண்டு இயற்கை நியதி என்று எண்ணுவோர் அந்த அநாதைக் காலாண்டை எந்த ஆண்டின் மடியில் கிடத்துவர்?

இலங்கையில் இதனினும் தெளிவான சான்று உண்டு. ஒக்டோபர் ஆண்டிலிருந்து ஜனவரி ஆண்டுக்கு மாறும்பொருட்டு 1971/72ஆம் நிதியாண்டு பதினைந்து மாதங்களுக்கு நீட்டப்பட்டது. அவ்வாண்டுக்கு ஐந்து காலாண்டுகள். அதனை முன்னைய ஆண்டோடும் பின்னைய ஆண்டோடும் அருகருகே வைத்து, பன்னிரண்டு மாதக் கணக்குப் போல வளர்ச்சி வீதம் காண்பவர் ஒரு மாயச் செழிப்பையும் அதனைத் தொடர்ந்து ஒரு மாய வீழ்ச்சியையும் காண்பர். ஆண்டு மட்டுமன்றி வாரமும் இந்நாட்டில் மாறியிருக்கிறது. 1966 முதல் 1971 வரை சனியும் ஞாயிறும் விடுமுறையாக இருக்கவில்லை; போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே வார விடுமுறை. அவ்வாண்டுகளின் துறைமுக வேலை நாள்களை எண்ணப் புகுந்து, ‘இத்திகதி என்ன கிழமை’ என்று கணினியைக் கேட்டு ஞாயிறுகளைக் கழித்துவிடும் ஆய்வாளர், உழைத்த நாளைக் கழித்து ஓய்ந்த நாளை எண்ணியவராவார். கிழமையை அறிந்த கணினிக்கு அக்காலத்துப் போயா அட்டவணை தெரியாது. அதனை அறிந்தவர் எவரேனும் எழுதி வைத்தாலன்றித் தெரியவும் மாட்டாது.

நேரத்தின் கதை இன்னுஞ் சிக்கலானது. பல தரவுத்தளங்கள் நிகழ்ச்சிகளைக் கிறீனிச் நேரத்தில் சேமிக்கின்றன. இலங்கை நேரம் அதனினும் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. 1996 மே மாதத்தில் அது ஆறரையாக்கப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறாகக் குறைக்கப்பட்டு, 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காது பழைய நேரத்தையே கைக்கொண்டன. அப்பத்தாண்டில் கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் ஒரு நேரமும் சம்பூர்க் கரையில் வேறொரு நேரமும் வழங்கின. 2005 ஜனவரி முதலாந் திகதி அதிகாலை மூன்று மணிக்குத் துறைமுகத்தை அடையும் கப்பல், கிறீனிச் நேரப்படி முந்திய நாள் இரவு ஒன்பது மணிக்கு வந்ததாகும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் காலாண்டைப் பிரித்தெடுப்பவர் கணக்கில் அது நாளை மட்டுமன்றி மாதத்தையும் காலாண்டையும் ஆண்டையும் ஒருங்கே பின்தள்ளிக்கொண்டு போகும்.

வழு இருக்கிறதென்று காட்டிவிட்டு வழி காட்டாது போதல் முறையன்று. வழி கடினமானதுமன்று. முதலாவது, திகதியை அழித்துவிட்டுக் காலாண்டை மட்டும் சேமித்தல் அறவே கைவிடப்படல் வேண்டும். திகதியிலிருந்து காலாண்டை எக்கணமும் பெறலாம். காலாண்டிலிருந்து திகதியை ஒருபோதும் மீட்க முடியாது. ‘2004, 4’ என்ற குறிப்பு மட்டும் எஞ்சுமாயின், அலைக்கு முந்திய நாளும் பிந்திய நாளும் ஒன்றாகிவிட்டன. எத்தகைய நிபுணராலும் அவற்றை இனிப் பிரித்தல் இயலாது. ஒடுக்கிய தரவை மட்டும் பேணி மூலத்தைக் கைவிடும் வழக்கம் பல இடங்களில் சிக்கனம் என்னும் பெயரால் நடைபெறுவது. திகதியொன்றைச் சேமிக்க நான்கு பைற்று போதுமென்பதை நோக்கின், அந்தச் சிக்கனம் எத்தகையதென்பது விளங்கும்.

அடுத்தது வினவும் முறை. ‘ஆண்டு 2004ஆகவும் காலாண்டு நான்காகவும் உள்ளவற்றைத் தருக’ என்று கேட்டால், பொதுவாகக் கணினி ஒவ்வொரு நிரையின் திகதியையும் எடுத்துக் கணித்துப் பார்க்கும். திகதி நிரலுக்கு அமைத்த சுட்டி பயன்படாது போகும். மாறாக, ‘2004 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து, 2005 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் வரை’ என்று கேட்டால் சுட்டியின் துணையோடு நேரே அவ்விடத்துக்குச் செல்லும். ‘டிசெம்பர் 31 வரை’ என்று எல்லை வகுத்தால், நேரமும் சேர்த்துப் பதியப்பட்ட அட்டவணையில் அன்று நள்ளிரவுக்குப் பிந்திய பதிவுகள் யாவும் விடுபட்டுப் போகும் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இம்முறையின் பெருநன்மை விரைவன்று. எல்லைகளை வெளிப்படையாக எழுதும்போது, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை தாம் கூட்டுகிறோம் என்பதை எழுதுபவர் தாமே தம் கையால் எழுத நேர்கிறது. டிசெம்பர் முதலாந் திகதி எனத் தொடங்கினால் என்ன என்று நினைக்கவும் அப்போதுதான் அவருக்கு வாய்ப்புண்டாகிறது.

ஒரு மாதத்தைக் கூட்டிப் பின் காலாண்டு கண்டால் டிசெம்பர், ஜனவரி, பெப்ரவரி மூன்றும் ஒன்றுசேரும் என்று சிலர் ஒரு குறுக்குவழி கூறுவர். 2004 டிசெம்பர் 26 அவ்வழியில் 2005இன் முதலாவது தொகுதியைச் சேரும். பருவத்துக்கு அது பொருத்தமே. ஆயின் ஓகஸ்ட் 31ஆம் திகதிக்கு ஒரு மாதத்தைக் கூட்டினால் போஸ்ட்கிரெஸ் செப்டெம்பர் 30 என்கிறது. எஸ்கியூலைட்டோ இல்லாத செப்டெம்பர் 31ஐ உருட்டி ஒக்டோபர் முதலாந் திகதி என்கிறது. ஒரு நாளின் தரவு அடுத்த தொகுதிக்குத் தாவிவிடும். தவிரவும் இக்குறுக்குவழி, பருவங்கள் சம நீளமுடையவை என்னும் பழைய பொய்யின் புதிய வடிவமே.

செய்யத்தக்கது நாட்காட்டி அட்டவணை ஒன்றை அமைத்தலாகும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரை. அந்நாளுக்குரிய நாட்காட்டிக் காலாண்டு, அன்று வழக்கிலிருந்த நிதியாண்டும் அதன் காலாண்டும், பருவம், போகம், விடுமுறையா வேலைநாளா என்பது, தமிழ் மாதம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள். தரவு அட்டவணையைத் திகதி வழியாக இதனோடு இணைத்தால், வேண்டியவர் வேண்டிய கோலால் அளக்கலாம். கொழும்புக்கு அனுப்பும் அறிக்கைக்கு ஜனவரிக் காலாண்டும், விதைநெற் கடனுக்குப் போகமும், வெள்ளத்துக்குப் பருவமும். தரவுக் களஞ்சியங்களை அமைப்போர் பல்லாண்டுகளாகக் கைக்கொண்டுவரும் உத்தியே இது, புதுமை ஏதுமில்லை. 1964 ஜனவரி முதல் 2024 டிசெம்பர் வரை அறுபத்தோராண்டுகளுக்கும் மொத்தம் 22,281 நிரைகள். கணினிக்கு அது சுமையே அன்று.

சுமை மனிதரைச் சார்ந்தது. 22,281 நிரைகளில் நாட்காட்டிக் காலாண்டு என்னும் நிரலைக் கணினி ஒரு நொடியில் தானே நிரப்பிவிடும். போயா விடுமுறை நிரலுக்கு 1966 முதல் 1971 வரையான நாட்காட்டிகளை எவரேனும் தேடியெடுத்தல் வேண்டும். போகம் என்னும் நிரலுக்கு, குளம் திறந்த நாளை ஒவ்வோராண்டும் குறித்து வைத்த ஏடுகளைப் புரட்ட வேண்டும். கந்தளாய்க் குளத்துக்கும் அல்லைக்கும் வான்எல்லைக்கும் அந்நாள் ஒன்றாக இருந்திராது. கடல் அமைதியுற்ற நாளைக் கூற, கரைவலைச் சம்மாட்டிமார் வைத்திருக்கும் கணக்குக் கொப்பிகளே உள்ளன. மழையில் நனைந்தும் கறையான் அரித்தும் போக எஞ்சிய அக்கொப்பிகளில் திகதி முழுமையாகவே எழுதப்பட்டிருக்கும்.